சுவையும் குமட்டலும்: ஜான் கார்சியாவின் ஆய்வுப் பணி

எனக்குத் தேங்காய்ப் பர்பி ஆகாது. பள்ளியில் படித்த காலத்தில் ஒரு தீபாவளியன்று மாலை அதை வயிறு முட்டத் தின்றேன். அன்றிரவே கடுங்காய்ச்சலும் வாந்தியும் வந்தன. மறுநாள் என் தம்பிக்கும் அதே காய்ச்சல்; அவனோ பர்பியைத் தொட்டதே இல்லை. எனவே குற்றம் பர்பியின் மேல் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும், இன்றும் தெரியும். ஆயினும், இத்தனை ஆண்டுகள் சென்ற பின்னும், தேங்காயும் ஏலக்காயும் பாகில் கிளறப்படும் மணம் மூக்கில் ஏறினால் வயிறு புரட்டுகிறது. அன்று உடுத்தியிருந்த புதுச் சட்டையின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. பட்டாசுச் சத்தத்தின் மேலும் வெறுப்பு இல்லை. பர்பி ஒன்றுதான் அகப்பட்டுக்கொண்டது.

படிப்போரில் பலருக்கும் இப்படி ஏதாவது ஒரு பண்டம் இருக்கக்கூடும். இதில் என்ன அறிவியல் இருக்கிறது என்று கேட்கலாம். 1960களின் நடுப்பகுதி வரை, கற்றலை ஆராய்ந்த உளவியலாரிடம் இக்கதையைச் சொல்லியிருந்தால் அவர்களுள் பெரும்பாலோர் நம்பத் தயங்கியிருப்பார்கள். தின்றதற்கும் வாந்திக்கும் இடையே சில மணி நேரம் சென்றிருக்கிறது. அவ்வளவு இடைவெளியைத் தாண்டி இரண்டையும் ஓர் உயிர் இணைக்க முடியுமா? நிகழ்ந்ததோ ஒரே ஒரு முறை; ஒரே முறையில் இவ்வளவு உறுதியாகப் பழக்கம் படியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, பர்பி மட்டும் ஏன்? சட்டையும் பட்டாசும் அதே மாலைப்பொழுதில் இருந்தவைதாமே? இம்மூன்று ஐயங்களையும் எலிகளைக் கொண்டு தீர்த்து வைத்தவர் ஜான் கார்சியா என்னும் அமெரிக்க உளவியலார். 1917இல் பிறந்து, 2012இல் தமது 95ஆம் வயதில் மறைந்தவர்.

கார்சியாவை நம் மாணவர்கள் சந்திக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, உளவியல் பாடநூல். அதில் 'கார்சியா விளைவு' என்று அரைப்பக்கம் வரும். விதிக்கு ஒரு விலக்கு என்ற அளவில் சொல்லி முடித்துவிடுவார்கள். மற்றொன்று, அறிவியலில் உண்மை எவ்வாறு புறக்கணிக்கப்படுகிறது என்பதற்குக் காட்டப்படும் கதைகள். அவற்றில் கார்சியா ஒரு தனி மனிதர். ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் அனைவரும் கண்ணை மூடிக்கொண்ட பண்டிதர்கள். இந்த இரண்டு சித்திரங்களுமே அவருக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் எண்ணம். விலக்கு என்று ஒதுக்குவதால் அவர் கண்டது சிறுத்துவிடுகிறது. வீரகதையாக்குவதால், அவர் எங்கே வென்றார், எங்கே தவறினார் என்பது மறைந்துவிடுகிறது.

முதலில், அவர் எதிர்கொண்ட கொள்கை என்ன என்று பார்ப்போம். ரஷ்ய உடலியலார் பாவ்லோவ் நாய்களுக்கு உணவளிக்கும் முன் ஓர் ஒலியை எழுப்பினார். சில நாட்களில் ஒலி கேட்டவுடனேயே நாயின் வாயில் எச்சில் ஊறியது. உணவோடு இயல்பான தொடர்பில்லாத ஒரு தூண்டலுக்கு இவ்வாறு ஒரு துலங்கலைப் பழக்குவதையே ஆக்கநிலையுறுத்தல் என்கிறோம். அமெரிக்காவில் தார்ன்டைக் பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்துப் பார்த்தார். பின்னர் ஸ்கின்னர் நெம்புகோலை அழுத்தும் எலிகளையும் பொத்தானைக் கொத்தும் புறாக்களையும் ஆராய்ந்தார். ஒரு செயலைத் தொடர்ந்து வரும் பயனே அச்செயலை வலுப்படுத்துகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. இவ்வாய்வுகளின் வழியே இரண்டு எடுகோள்கள் வேரூன்றின. எந்தத் தூண்டலையும் எந்த விளைவோடும் ஏறத்தாழ ஒரே எளிமையோடு இணைக்கலாம் என்பது ஒன்று. மணியோ விளக்கோ சுவையோ, கற்கும் உயிருக்கு எல்லாம் ஒன்றே. தூண்டலும் விளைவும் சில விநாடிகளுக்குள் அடுத்தடுத்து வந்தால்தான் இணைப்பு ஏற்படும் என்பது மற்றொன்று.

இவ்வெடுகோள்கள் வெறும் கற்பனையல்ல. வலுவூட்டலைச் சில விநாடிகள் தாமதித்தாலே எலியின் கற்றல் குலைந்துபோவதை 1940களில் கவனமான பரிசோதனைகள் காட்டியிருந்தன. ஆனால் அந்தப் பரிசோதனைகளில் பயன்பட்ட பொருள்களைப் பாருங்கள்: விளக்கு, மணி, மின்னதிர்ச்சி, உணவு உருண்டை. இவை ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டன? சொடுக்கினால் எரியும், சொடுக்கினால் நிற்கும்; கருவியில் பொருத்த எளிது; கணக்கிட எளிது. கருவிக்கு வசதியானவை எவையோ அவற்றைக் கொண்டு கண்ட விதி, உயிர்கள் அனைத்துக்கும் பொதுவான விதியாக எழுதப்பட்டது. தவறு நுழைந்த வாயில் இதுதான்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நிலைமை வேறு. எலிக்கு விஷம் வைக்கும் உழவரைக் கேட்டுப் பாருங்கள். விஷ இரையைச் சிறிதளவு தின்று நோயுற்றுப் பிழைத்துக்கொண்ட எலி, அந்த இரையை மறுபடி தொடாது. நம் வயல்களில் துத்தநாக பாஸ்பைடு வைப்போருக்கு, முதலில் ஓரிரு நாள் விஷமில்லாத இரையை வைத்து எலிகளைப் பழக்குங்கள் என்று வேளாண்மைத் துறையினர் அறிவுறுத்துவது இதனால்தான். இரைக் கூச்சம் எனப்படும் இதைப் பற்றி 1953இலேயே பிரிட்டனில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. விஷம் வயிற்றில் வேலை செய்ய நேரம் பிடிக்கும். எலியோ தின்ற பண்டத்தையே குற்றவாளியாகக் கொள்கிறது. ஆக, விநாடிக் கணக்கை மீறிய கற்றல் வயல்வரப்பில் அன்றாடம் நடந்துகொண்டிருந்தது. எலியை வைத்தே கற்றல் விதிகளை வகுத்தவர்கள் எலியைக் கொல்ல முயன்றவர்களிடம் பேசவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன சொல்வது?

கார்சியா பேசக்கூடிய இடத்திலிருந்து வந்தவர். கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில், ஸ்பெயினிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்குப் பிறந்தவர். பண்ணை வேலை, வண்டி பழுதுபார்க்கும் வேலை, கப்பல் கட்டும் தளத்தில் வேலை என்று பலவும் பார்த்தார். இரண்டாம் உலகப்போரின்போது விமானப்படையில் சேர்ந்தார்; பறக்கும்போது ஏற்பட்ட குமட்டல் அவரை விமானியாக விடவில்லை. பின்னாளில் குமட்டலையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளப்போகிறவருக்கு இது பொருத்தமான தொடக்கம்தான். போருக்குப் பிறகு, படைவீரர்களுக்கு அரசு அளித்த கல்வி உதவியோடு பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்றார். முனைவர் பட்டத்தை முடிக்காமலேயே, 1950களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோவில் இருந்த கடற்படைக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். முனைவர் பட்டம் கைக்கு வந்தது 1965இல். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 48.

ஹிரோஷிமாவுக்குப் பின் வந்த ஆண்டுகள் அவை. கதிர்வீச்சு உயிர்களை என்ன செய்கிறது என்று அறியப் படைத்துறைகள் துடித்தன. கார்சியாவும் அவருடைய தோழர்களும் எலிகளைக் காமாக் கதிருக்கு ஆட்படுத்தியபோது ஒரு புதுமையைக் கண்டார்கள். கதிர்வீச்சு அறையில் எலிகள் வரவரக் குறைவாகவே நீர் பருகின; தத்தம் கூண்டுக்குத் திரும்பியபின் வழக்கம்போல் பருகின. கதிர்வீச்சு அறையில் வைத்திருந்தவை பிளாஸ்டிக் குப்பிகள் என்றும், கூண்டில் இருந்தவை கண்ணாடிக் குப்பிகள் என்றும், பிளாஸ்டிக்கின் லேசான சுவையே எலிகளை எச்சரித்தது என்றும் பாடநூல்கள் சொல்லும். இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க, கதிர்வீச்சின்போது சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் கொடுத்தார்கள். எலிக்கு இனிப்பு உயிர். ஆனால் கதிர்வீச்சுக்குப் பிறகு அந்த எலிகள் இனிப்பு நீரை விட்டு வெறும் நீரை நாடின. கார்சியா, கிமெல்டார்ஃப், கோயெலிங் ஆகிய மூவர் பெயரில் 1955ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் இது வெளிவந்தது.

வீரகதை சொல்வோர் கவனிக்க வேண்டிய முதல் செய்தி இது. முனைவர் பட்டம் பெறாத ஒருவரின் கண்டுபிடிப்பை உலகின் தலைசிறந்த அறிவியல் இதழ்களுள் ஒன்று ஏற்றுக்கொண்டது. 1961இல் 'சைக்காலஜிகல் ரெவ்யூ' என்னும் பெரிய இதழிலும் கதிர்வீச்சையும் நடத்தையையும் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. கதவுகள் எல்லாம் எப்போதும் அடைத்துக் கிடக்கவில்லை. கதிர்வீச்சின் விளைவு என்று எழுதியவரை வரவேற்றார்கள். கற்றல் விதியில் திருத்தம் என்று எழுதியபோதுதான் தடை எழுந்தது.

அந்தத் திருத்தத்தைக் கொண்டு வந்தது 1966இன் பரிசோதனை. கார்சியாவும் கோயெலிங்கும் செய்த இதை நான் சற்று விரித்தே சொல்ல விரும்புகிறேன். விலையுயர்ந்த கருவி ஏதும் இல்லாமல், திட்டத்தின் நேர்த்தியால் மட்டுமே ஒரு பரிசோதனை எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நான் அறிந்தவரை உளவியலில் இல்லை.

எலி ஒரு குழாயை நக்கி நீர் பருகுகிறது. நாக்கு குழாயில் படும் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கு மின்னுகிறது; 'க்ளிக்' என்று ஓர் ஓசையும் எழுகிறது. அந்த நீருக்குச் சுவையும் உண்டு. ஆகவே எலி பருகுவது ஒரே நேரத்தில் சுவையுள்ள நீர், ஒளியுள்ள நீர், ஓசையுள்ள நீர். மூன்று அடையாளங்களும் ஒரே கணத்தில், ஒரே செயலோடு, சம எண்ணிக்கையில் எலியை அடைகின்றன. இனி, எலிகளைக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். சில குழுக்களுக்கு நீர் பருகியபின் நோய்: ஒரு குழுவுக்கு எக்ஸ் கதிர், மற்றொரு குழுவுக்குக் குமட்டலை உண்டாக்கும் லித்தியம் குளோரைடு. வேறு சில குழுக்களுக்குக் காலில் மின்னதிர்ச்சி. அதையும் ஒரு குழுவுக்கு உடனே, மற்றொன்றுக்குச் சற்றுத் தாமதித்து.

அதன்பின் சோதனை. இப்போது அடையாளங்களைப் பிரித்து வைக்கிறார்கள். ஒரு முறை சுவை மட்டும் உள்ள நீர், ஒளியும் ஓசையும் இல்லை. மற்றொரு முறை வெறும் நீர், ஆனால் நக்கும்போதெல்லாம் ஒளியும் ஓசையும். நோய் கண்ட எலிகள் சுவை நீரை வெறுத்தன. ஒளி-ஓசை நீரைத் தயக்கமின்றிப் பருகின. மின்னதிர்ச்சி பெற்ற எலிகளோ ஒளி-ஓசை நீருக்கு அஞ்சின. சுவை நீரைப் பருகின.

இந்த முடிவின் வலிமை அதன் குறுக்குப் பின்னலில் இருக்கிறது. நோயுற்ற எலிகள் ஒளியைப் பொருட்படுத்தவில்லை என்று மட்டும் காட்டியிருந்தால், அந்த விளக்கு மங்கலாக இருந்திருக்கும், எலி அதைக் கவனித்திராது என்று எளிதில் தள்ளிவிடலாம். ஆனால் அதே விளக்கும் அதே ஓசையும் மின்னதிர்ச்சி பெற்ற எலிகளுக்கு நன்றாகவே உறைத்தன. சுவை வலுவான தூண்டல், அதனால்தான் வென்றது என்றும் சொல்ல முடியாது. மின்னதிர்ச்சிக் குழுவில் அதே சுவை தோற்றது. ஒவ்வொரு மறுப்புக்கும் பதில் பரிசோதனையின் மற்றொரு மூலையிலேயே காத்திருக்கிறது. எஞ்சியது ஒரே விளக்கம்தான்: எலியின் உடலுக்குள் சுவைக்கும் வயிற்றுக்கும் ஓர் உறவு இருக்கிறது, கண்ணுக்கும் காதுக்கும் தோலின் வலிக்கும் வேறோர் உறவு இருக்கிறது. எல்லாத் தூண்டல்களும் ஒன்றல்ல.

அதே ஆண்டு, எர்வின் என்பவரையும் சேர்த்துக்கொண்டு கார்சியா இரண்டாவது எடுகோளையும் சோதித்தார். சாக்கரின் நீர் பருகிய எலிக்குக் குமட்டல் தரும் அப்போமார்ஃபின் ஊசியைத் தாமதித்துப் போட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதத்துக்குப் பிறகும் எலி சுவையை வெறுக்கக் கற்றது. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் எக்ஸ் கதிரைப் பயன்படுத்தி இந்த இடைவெளியை 12 மணி நேரம் வரை நீட்டிக் காட்டினார்கள்.

இந்தக் கட்டுரைகள் எங்கே வெளிவந்தன? முன்னணி இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு, 'சைக்கோனாமிக் சயின்ஸ்' என்னும் இதழில். 1964இல் தொடங்கப்பட்டு, குறுங்கட்டுரைகளை விரைந்து அச்சிட்டு வந்த இதழ் அது. மேலே நான் பல பத்திகளில் விவரித்த பரிசோதனை அதில் வெறும் இரண்டு பக்கம். தாமத வலுவூட்டலில் பல ஆண்டுகள் உழைத்த ஓர் ஆய்வாளர் இம்முடிவுகளைக் கேட்டு, குயில் கடிகாரத்துக்குள் பறவை எச்சம் கிடைத்தாலும் கிடைக்கும், இது நடக்காது என்னும் பொருள்படக் கேலி செய்ததாகச் சொல்வார்கள். மணிக்கொரு முறை மரக்குயில் வெளிவந்து கூவும் சுவர்க் கடிகாரத்தைச் சொல்கிறார்.

கேலி இருக்கட்டும். ஆசிரியர்களின் தயக்கத்தில் நியாயமே இல்லையா? இருந்தது என்றே நினைக்கிறேன். சுவை வாயில் நெடுநேரம் தங்கியிருக்கலாம்; வாந்தி எடுக்கும்போது அதே சுவை திரும்ப வரலாம்; அப்படியானால் இடைவெளி என்று எதுவும் இல்லையே என்று கேட்டார்கள். நோயுற்ற எலி புதிய சுவை எதையுமே வெறுக்கக்கூடும், அதைக் கற்றல் என்று சொல்லலாமா என்றும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம் இவை. பிட்டர்மன் என்னும் உளவியலார் 1970களின் நடுவிலும் கட்டுப்பாட்டுக் குழுக்கள் போதா என்று வாதிட்டார். ஆனால் கேள்விக்குப் பரிசோதனையால் பதில் தேடலாம். எலிக்கு வாந்தி எடுக்கவே இயலாது என்பது உடலியலார் அறிந்த செய்தி. எனவே திரும்ப வரும் சுவை என்ற விளக்கம் எலிக்குப் பொருந்தாது. டாம்ஜனும் வில்சனும் 1972இல் வேறு கட்டுப்பாடுகளோடு பரிசோதனையைத் திரும்பச் செய்தபோதும் முடிவு மாறவில்லை. 1982இல், பிறந்து ஒரே நாளான எலிக்குஞ்சுகளிடமும் இதே பாகுபாடு இருப்பது தெரிந்தது. அனுபவத்தால் வந்த பழக்கம் என்ற விளக்கத்துக்கு அதன்பின் இடம் குறைந்துவிட்டது. ஆசிரியர்களின் பிழை கேள்வி கேட்டதில் இல்லை. அக்கேள்விகளை அச்சில் எல்லோரும் பார்க்கும்படி கேட்காமல், கட்டுரையைத் திருப்பி அனுப்பும் கடிதத்துக்குள் கேட்டு முடித்ததில் இருக்கிறது.

கார்சியா இதை மறக்கவில்லை. 1981இல் 'அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்' இதழில், காற்றாலைகளை அரக்கர் என்றெண்ணிப் போர் தொடுத்த டான் குயிக்ஸாட்டை நினைவூட்டும் தலைப்பில், ஆய்விதழ்களின் தேர்வுமுறையைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரை எழுதினார். படிக்கச் சுவையான கட்டுரை. நியாயமும் நிறைய உண்டு. ஆனால் அதை எழுதிய நேரத்தையும் பார்க்க வேண்டும். 1979இலேயே அமெரிக்க உளவியல் கழகம் அவருக்குத் தன் சிறப்பு அறிவியல் விருதை அளித்திருந்தது. 1983இல் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. மறுக்கப்பட்ட கட்டுரைக்கும் விருதுக்கும் இடையே 13 ஆண்டுகள். அறிவியல் வரலாற்றில் இது நீண்ட வனவாசம் என்று சொல்வதற்கில்லை.

அவருக்கு முன்னும் உடனும் வந்தவர்களையும் மறந்துவிடலாகாது. ஸ்கின்னரின் மாணவர்களாக இருந்து, விலங்குகளைப் பழக்கி விளம்பரக் காட்சிகள் நடத்திய பிரேலண்ட் தம்பதியர், பரிசு கிடைக்கும் என்றாலும் ரக்கூன் காசை உண்டியலில் போடாமல் கைகளில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்ததை 1961இலேயே எழுதினார்கள். 1970இல் செலிக்மன், ஒவ்வோர் உயிரினமும் சிலவற்றைக் கற்க ஆயத்தமாகவும் சிலவற்றைக் கற்க ஆயத்தமின்றியும் பிறக்கிறது என்று இவற்றையெல்லாம் ஒரு கொள்கையாகத் தொகுத்தார். அவருக்கும் என் பர்பியைப் போல ஒரு சாஸ் இருந்தது. உணவகத்தில் இறைச்சியோடு பரிமாறப்பட்ட அதை உண்ட இரவு வயிற்றுக் காய்ச்சல் கண்டு, குற்றம் சாஸுடையதன்று என்று தெரிந்தும் அதை வெறுத்தார்.

கார்சியாவின் விளக்கமும் முழுமையானதல்ல. பாவ்லோவின் கூடத்திலேயே, நாள்தோறும் மார்ஃபின் ஊசி பெற்ற நாய்கள், ஊசி போடுபவரைக் கண்டதுமே எச்சில் வடித்துக் குமட்டின. அங்கே கண்ணுக்கும் குமட்டலுக்கும் இணைப்பு ஏற்பட்டிருக்கிறது. ஒரே முறையில் அல்ல, பலமுறை பழகிய பின். ஆகவே சுவையைத் தவிர வேறெதுவும் குமட்டலோடு சேராது என்று சொல்வது மிகை. சேர்வதற்கு அதிகப் பாடுபட வேண்டும் என்பதே சரி. 1971இல் காடைகளைக் கொண்டு செய்த ஆய்வு இதைவிடச் சுவையானது. புளிப்பும் நீல நிறமும் உள்ள நீரைப் பருகி நோயுற்ற காடைகள், புளிப்பைவிட நீல நிறத்தையே அதிகம் வெறுத்தன. காடை பகலில் கண்ணால் பார்த்து இரை பொறுக்கும் பறவை. எலி இருட்டில் மூக்காலும் நாவாலும் உணவைத் தேர்வது. உயிரினத்துக்கு உயிரினம் வயிற்றின் சாட்சி மாறுகிறது. கார்சியாவின் கருத்துக்கு இது முரணன்று. உண்மையில் அதன் ஆழமான பொருளுக்கு இதுவே நல்ல சான்று. ஆனால் 'கார்சியா விளைவு' என்றால் சுவையும் குமட்டலும் என்று மனப்பாடம் செய்யும் மாணவர் காடையைக் கண்டால் திகைத்துப் போவார்.

உடலுக்குள் இது எவ்வாறு நடக்கிறது என்பதற்கு 1968இல் கார்சியாவும் எர்வினும் ஒரு வழிகாட்டினார்கள். நாவிலிருந்து சுவையைக் கொண்டுவரும் நரம்புகளும் குடலிலிருந்து வரும் நரம்புகளும் மூளையின் அடிப்பகுதியில், முகுளத்தில், அருகருகே வந்து சேர்கின்றன. கண், காது, தோல் ஆகியவற்றின் செய்திகள் வேறு பாதையில் செல்கின்றன. வெளியிலிருந்து தாக்கும் பகையிடமிருந்து காக்க ஓர் ஏற்பாடு, உள்ளே புகுந்த நஞ்சிடமிருந்து காக்க மற்றோர் ஏற்பாடு என்று அவர் கண்டார். நடத்தையை ஆராய மூளைக்குள் பார்க்கத் தேவையில்லை என்று கருதிய ஸ்கின்னர் மரபிலிருந்து அவர் விலகி நின்ற இடம் இது.

அவருடைய பணியில் எனக்கு நிறைவளிக்காத பகுதி கொயோட்டி ஆய்வு. கொயோட்டி என்பது வட அமெரிக்கப் புல்வெளிகளில் திரியும் ஓநாய் இனம். ஆட்டுப் பண்ணையாரின் தீராத் தலைவலி. கூட்டரசுக்குச் சொந்தமான நிலங்களில் அவற்றுக்கு விஷம் வைப்பதை 1972இல் குடியரசுத் தலைவர் நிக்சன் தடை செய்தார். மாற்று வழி தேவைப்பட்ட அந்நேரத்தில், கஸ்டவ்சன் முதலியோரோடு சேர்ந்து கார்சியா ஒரு யோசனை சொன்னார். ஆட்டிறைச்சியில் லித்தியம் குளோரைடைக் கலந்து தின்னக் கொடுத்தால், கொயோட்டி ஆட்டையே வெறுத்துவிடும், கொல்லவும் வேண்டாம். கூண்டில் அடைத்த ஒரு சில கொயோட்டிகளிடம் ஓரிரு முறையிலேயே இது பலித்ததை 1974இல் 'சயின்ஸ்' வெளியிட்டது. அழகான யோசனை; ஆடும் பிழைக்கும், ஓநாயும் பிழைக்கும்.

வெட்டவெளியில் நிலைமை அப்படி இல்லை. சில இடங்களில் ஆட்டிழப்பு குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் நடத்தி 1982இல் வெளியிட்ட கள ஆய்வில் பயன் ஏதும் தெரியவில்லை. இறைச்சியைத் தின்ன மறுத்த கொயோட்டி, ஆட்டைக் கொல்வதை நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓடும் ஆட்டைத் துரத்துவது கண்ணின் வேலை, காலின் வேலை. தின்பது நாவின் வேலை. இரண்டும் வெவ்வேறு அடையாளங்கள், வெவ்வேறு பாதைகள் என்று உலகுக்குச் சொன்னவரே கார்சியாதாம். நாவின் வெறுப்பு காலை நிறுத்திவிடும் என்று அவர் இவ்வளவு விரைவில் நம்பியது, தாம் கண்ட உண்மையைத் தாமே ஒரு கணம் மறந்ததுபோல் எனக்குத் தோன்றுகிறது. சில கூண்டு விலங்குகளிலிருந்து பரந்த மேய்ச்சல் நிலத்துக்குத் தாவுவது, எலிப்பெட்டியிலிருந்து உயிர்குலம் முழுமைக்கும் விதி வகுத்தவர்கள் செய்த அதே தாவல்தான்.

அவருடைய கண்டுபிடிப்பு சந்தேகத்துக்கு இடமின்றிப் பயன் தந்தது வேறோர் இடத்தில். அதைச் செய்தவர் கார்சியா அல்லர். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் நோயாளிகள் உணவை வெறுத்து மெலிந்துபோவதை மருத்துவர்கள் அறிவார்கள். அவ்வெறுப்பு நோயால் மட்டும் வருகிறதா, அன்றி எலிகளைப்போல் கற்றலாலும் வருகிறதா? ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்னும் உளவியலார், மருந்தேற்றுவதற்கு முன் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத சுவையுள்ள ஐஸ்கிரீமைக் கொடுத்தார். பின்னர் அக்குழந்தைகளுள் பலர் அந்த ஐஸ்கிரீமைத் தொட மறுத்தனர். மருந்தின்றி ஐஸ்கிரீம் மட்டும் உண்ட குழந்தைகளுக்கு அத்தகைய வெறுப்பு இல்லை. 1978இல் இதை அவர் வெளியிட்டார். குமட்டலுக்குக் காரணம் மருந்துதான் என்று விளங்கும் வயதுள்ள குழந்தைகளிடமும் இந்த வெறுப்பு உண்டாயிற்று.

புதிய சுவையே எளிதில் வெறுப்புக்கு இலக்காகும் என்பதையும் எலிகள் காட்டியிருந்தன. பெர்ன்ஸ்டைனும் பிராபெர்கும் அதைச் சிகிச்சைக்கே பயன்படுத்தினார்கள். குழந்தை உணவு உண்ட பின், மருந்தேற்றத்துக்கு முன், பழக்கமில்லாத சுவையுள்ள ஒரு மிட்டாயைக் கொடுத்தார்கள். பழி மிட்டாயின் மேல் விழுந்தது. முன்பு உண்ட வழக்கமான உணவு பெருமளவு தப்பித்தது. 1987இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே அந்த மிட்டாயைப் பலியாடு என்று குறித்திருக்கிறார்கள். பாடநூலில் கார்சியாவுக்கு ஒதுக்கும் அரைப்பக்கத்தில் இந்த மிட்டாய்க்கும் அந்தக் காடைக்கும் இரண்டு வரி கொடுக்கலாம். கொயோட்டிக்கு இப்போது கொடுக்கும் படத்தை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும்.